மாவு டின்னில் ஒரு ஒயர்

எங்கள் தெருவில் மின்சாரத்தைப் பற்றி என்னைப் போல வாய் கிழியப் பேசியவர்கள் யாரும் இல்லை. மொட்டை மாடியில் சோலார் பலகைகளைப் போட்ட நாளிலிருந்து நான் அப்படித்தான். கரண்ட் போய்விட்டதென்று எதிர்வீட்டுக்காரி வாசலில் விசிறிக்கொண்டு நின்றால் போதும், வகுப்பே எடுத்துவிடுவேன். "உங்களுக்கு எங்கேயோ நிலக்கரியை எரிச்சு, ஊரெல்லாம் கம்பி இழுத்து அனுப்பறாங்க. நடுவுல ஒரு கிளை விழுந்தா போச்சு. என் கரண்ட் மாடியில வெயில்ல உண்டாகுது, கீழ பேட்டரியில நிக்குது. புகை கிடையாது, சத்தம் கிடையாது."

"ஷாக்காவது அடிக்குமா?" என்று ஒரு நாள் கிண்டலாகக் கேட்டாள்.

"இது சாதுவான கரண்ட். அடிக்காது" என்று நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் பல்லை நானே தட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் கேக் செய்து விற்கிறவள். ஃப்ரிட்ஜும் கிரீம் அடிக்கிற மெஷினும் நின்றால் என் பிழைப்பும் நின்றுவிடும். அதனால்தான் சோலார். பலகை, பேட்டரி, இன்வெர்ட்டர் என்று எல்லாவற்றையும் வாங்கிய மகராசி, ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணினேன். தெருக் கரண்டா, சோலார் கரண்டா, இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டுக்குள் விடுகிற மாற்று சுவிட்ச் என்று ஒன்று உண்டு. அதைப் போடவில்லை. அதற்குப் பதில் இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு ஒயர். ஒரு முனையை இன்வெர்ட்டரிலும் மறு முனையைச் சமையலறைச் சுவரிலும் சொருகினால் வீடு முழுக்க எரியும். முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அணைக்காவிட்டால் வீட்டுக் கரண்ட் மெயின் வழியாக வெளியேறித் தெருக்கம்பியில் ஏறிவிடும்.

இதை எனக்குப் படித்துப் படித்துச் சொன்னவன் என் தம்பி. அவன் லைன்மேன். "இதுக்கு எங்க ஆளுங்க ஆளைத்தின்னி ஒயர்னு பேர் வெச்சிருக்காங்க, தெரியுமா? கம்பி செத்துக் கிடக்குன்னு நம்பி நாங்க மேல ஏறுவோம். எவனோ ஒருத்தன் வீட்டுக்குள்ளேருந்து உசுர் குடுத்துட்டு டிவி பார்த்துட்டிருப்பான்" என்று சொல்லி, ஒரு முனையின் பிளக்கை நறுக்கென்று வெட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனான். "சுவிட்ச் போட்டுடுக்கா."

"போட்டுடறேன்டா."

அடுத்த முறை கரண்ட் போகும்வரைதான் அந்த வாக்கு நின்றது. வேறொரு பிளக் வாங்கி நானே திருகி மாட்டினேன். பிறகு அவன் கேட்டபோது, "எல்லாம் ஆச்சு" என்று பூசி மெழுகிவிட்டேன். பூசுவதுதானே என் தொழில்.

அன்றைக்கு விடிந்தபோது புயல் ஓய்ந்திருந்தது. என் வீடு தெருக்கோடியில் இருக்கிறது. பக்கத்துக் கம்பத்தில் கம்பி அறுந்து தொங்கியது. ஃப்ரிட்ஜில் ஒரு கல்யாண வரவேற்புக்கான மூன்றடுக்குக் கேக் இருந்தது. ஒயரைச் சொருகி வேலையை ஆரம்பித்துவிட்டு, தம்பிக்குப் போன் போட்டேன். "பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரியலடா. முதல்ல எங்க தெருவுக்கு வா. சாயந்திரம் கேக்கைக் குடுக்கணும், மானம் போயிடும்."

"ஊரே இருட்டுல கிடக்கு, உனக்கு உன் கேக்கு" என்றான். ஆனாலும் வந்தான். அக்கா கூப்பிட்டால் வராமல் இருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெம்பில்தானே கூப்பிட்டேன்.

அவனோடு வந்த கூட்டாளியை எல்லோரும் மைக்செட் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ரகசியம் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். தெருமுனை டிரான்ஸ்பார்மரில் மூன்று ஃபியூஸ்களையும் உருவிக் கம்பியைச் சாகடிப்பது அவர் வேலை. மேலே ஏறி இழுத்துக் கட்டுவது தம்பி வேலை.

மெயினை அணைத்து வைத்திருந்தால் தெருவில் கரண்ட் வந்ததா இல்லையா என்று உள்ளே இருப்பவளுக்குத் தெரியாது. அதனால் அவ்வப்போது ஒயரைப் பிடுங்கிவிட்டு மெயினைப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். வரவில்லையென்றால் மெயினை அணைத்து மறுபடி ஒயரைச் சொருகுவேன். அவர்கள் வெளியே வேலையில் இருந்தபோதும் பிடுங்கினேன், மெயினைப் போட்டேன். வரவில்லை. அதற்குள் போன் அடித்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா. ரோஜா வெள்ளையா, இளஞ்சிவப்பா என்று அந்தம்மா கேட்க, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "வெள்ளைதாங்க எடுப்பா இருக்கும்" என்று சொல்லியபடியே ஒயரைச் சொருகினேன். மெயினை அணைக்கவில்லை. மெஷின் ஜம்மென்று ஓட ஆரம்பித்தது.

தெரு முழுக்கக் கரண்ட் பாய்ந்திருந்தால் என் இன்வெர்ட்டர் பாரம் தாங்காமல் தானே நின்றுபோயிருக்கும். ஆனால் கம்பி அறுந்ததில் அந்தத் துண்டோடு ஒட்டியிருந்தது என் வீடு மட்டும்தான். என் சாதுவான கரண்ட் சமர்த்தாகக் கம்பியில் போய் உட்கார்ந்துகொண்டது.

மைக்செட்டின் அலறல் கேட்டு வாசலுக்கு ஓடினேன். தம்பி கம்பத்தின் மேல் விறைத்துப்போயிருந்தான். கை கம்பியைப் பிடித்தபடியே இருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவனை நோக்கி ஓடாமல் உள்ளே ஓடி ஒயரைப் பிடுங்கினேன். வெளியே, இடுப்புப் பெல்ட்டில் அவன் துவண்டு தொங்கினான் என்று பிறகு சொன்னார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் நான் மெயினை அணைத்துவிட்டு, மாவு டின்னைத் திறந்து ஒயரை அதற்குள் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

பிடுங்கியது அவனுக்காக. புதைத்தது எனக்காக.

உயிர் பிழைத்துவிட்டான். வலது கை முழுக்கக் கட்டு. இரண்டு விரல்களைக் காப்பாற்ற முடியுமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி நடையில் தம்பி பெண்டாட்டி என் தோளில் சாய்ந்து அழுதாள். "அண்ணி, நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்" என்றாள். அவள் தலையைத் தடவிய என் கை நகத்தில் மாவு ஒட்டியிருந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

அப்போது மைக்செட் வந்தார். வந்ததே யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவு அமைதியாக வந்து சுவரோரம் நின்றார்.

"மூணையும் உருவினேன்னுதான் நெனச்சேன்" என்றார். "இப்ப யோசிச்சா ரெண்டைத்தான் உருவினேனோ என்னவோன்னு இருக்கு. ஷாக் அடிச்சதும் ஆளாளுக்கு ஓடிப்போய் எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சுட்டாங்க. எது முன்னாடி, எது பின்னாடின்னு ஒண்ணும் தெரியல. என்னாலதாம்மா."

"என் புருஷன் கையைக் குடுங்க, மன்னிக்கிறேன்" என்றாள் தம்பி பெண்டாட்டி. அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. டம்ளரில் தண்ணீரை ஊற்றி நீட்டினேன்.

"வேணாங்க்கா. உங்க கையால தண்ணி வாங்கிக் குடிக்க எனக்கு யோக்கியதை இல்ல" என்றார்.

அந்த டம்ளரை என்ன செய்வதென்று தெரியாமல் நானே குடித்தேன். மறுநாள் அவரை விசாரிக்கப் போகிறார்கள், வேலை போனாலும் போகலாம் என்று பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டார்கள். இப்போது சொல், இப்போது சொல் என்று மனம் அடித்துக்கொண்டது. தம்பி கண் விழிக்கட்டும், அவனிடம் முதலில் சொல்லலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவன் நன்றாக விழித்திருந்தான். அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான். நான் தொடங்குவதற்குள் அவனே கேட்டான்.

"கேக்கு என்னக்கா ஆச்சு?"

"அந்தக் கருமத்தை விடுடா."

"மேல ஏறும்போது உன் மெஷின் சத்தம் கேட்டுச்சு." அவன் என்னைப் பார்க்காமல் விட்டத்தைப் பார்த்தபடி பேசினான். "தெருவே செத்துக் கிடக்கு, இங்க மட்டும் ஓடுதேன்னு தோணுச்சு. சரி, அக்காதான் மாற்று சுவிட்ச் போட்டுட்டாளேன்னு விட்டுட்டேன். நீ வேற அவசரம்னியா, கம்பியில உசுர் இருக்கான்னு டெஸ்ட் லேம்ப் வெச்சும் பார்க்கல."

திட்டியிருந்தால் நிமிர்ந்திருப்பேன். அவன் திட்டவில்லை.

"டெஸ்ட் பண்ணாம ஏறினது என் தப்புன்னு சொல்லிடறேன். மைக்செட் மேல வராது, உன் மேலயும் வராது. நீ வாயைத் திறக்காத."

"அப்ப உன் வேலை?"

"இந்தக் கையை வெச்சுக்கிட்டு இனிமே எந்தக் கம்பத்துல ஏறப் போறேன்?"

ஒரு கணம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரே ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் என்னை அங்கிருந்து கிளப்பியது. அதை விட அசிங்கமாக நான் வேறெதையும் உணர்ந்ததில்லை. "எங்கக்கா போற?" என்று அவன் கேட்டது காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் அவன் முகம் என்னைத் தடுத்துவிடும் என்று திரும்பாமல் நடந்தேன்.

வீட்டில் மாவு டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒயரை வெளியே எடுத்தேன். பையில் போடத் தோன்றவில்லை. கையில் பிடித்தபடியே தெருவில் நடந்தேன். "என்னது அது?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். "என் சாதுவான கரண்ட்" என்றேன்.

கரண்ட் ஆபீஸில் அதிகாரி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த மைக்செட், "ரெண்டுதாங்க உருவியிருப்பேன், நானே ஒத்துக்கறேன்" என்று முனகிக்கொண்டிருந்தார். ஒயரை மேஜை மேல் வைத்தேன். மாவு உதிர்ந்தது. இரண்டு பக்கத்துப் பிளக்கையும் பார்த்ததுமே இருவருக்கும் புரிந்துவிட்டது.

"கம்பியில கரண்ட் ஏத்தினது நான்தான். மெயினை அணைக்காம சொருகிட்டேன். அவர் மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். பிளக்கைத் திரும்ப மாட்டியது, தம்பியிடம் பொய் சொன்னது, டின்னில் புதைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். மைக்செட் என் மேல் பாய்வார், பாயட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் மூணையும் உருவியிருக்கேன்?" என்றார்.

"உருவியிருக்கீங்க."

"நிஜமாத்தானே? மூணையும்?"

"ஆமாங்க. மூணையும்."

அவர் போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். "ஏய், நான் மூணையும் உருவிட்டேன்டி! நான் இல்லடி, நான் இல்ல!" என்று கத்தினார். அந்தக் கட்டிடம் முழுக்க அவர் குரல் கேட்டது. வேலையை விட்டுவிட்டு ஆட்கள் வந்து வாசலில் கூடினார்கள். அவர் அழுதுகொண்டே அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மாவு படிந்த கையோடு அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.