செவ்வாய்க்கிழமை பச்சை

காலை ஆறு மணிக்கு லோர்னா, போதைச் சோதனைக்காகக் கோர்ட் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். பதிவுக்குரல் ஒரு நிறத்தைச் சொல்லும். உன் நிறம் என்றால் மாலைக்குள் போய்ச் சிறுநீர் கொடுக்க வேண்டும். போகாவிட்டால் போதை மாத்திரை போட்டதாகவே கணக்கு. பதினாறு வயது மகள் ஷெல்பியின் நிறம் பச்சை. எண்பத்து நான்கு நாள் சுத்தமாக இருந்துவிட்டாள். தொண்ணூறு ஆனால் காலில் பூட்டிய கண்காணிப்புப் பட்டையைக் கழற்றிவிடுவார்கள்.

"இன்று பச்சை" என்றது குரல்.

லோர்னா போனை வைத்தாள். முந்தின நாள் சாயங்காலம் பெண் கண் சிவந்து வந்து, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மாத்திரை போட்ட இரண்டு வருஷமும் பார்த்த அதே கண். போச்சு, எல்லாம் போச்சு!

"நீலம்தான்டி, தூங்கு" என்றாள். புத்தி எங்கே போயிருந்ததோ, பெற்றவளுக்கு! இரண்டு நாளில் உடம்பிலிருந்து இறங்கிவிடும், போன் கெட்டுவிட்டது என்று சமாளிக்கலாம் என நினைத்தாள்.

வியாழக்கிழமை, கோர்ட்டில் அந்த வாரம் சுத்தமாக இருந்த மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் கைதட்டலும் ஆளுக்கொரு சாக்லேட்டும் கிடைத்தன. ஷெல்பியின் முறை வந்ததும் ஜட்ஜ் கோம்ப்ஸ் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"செவ்வாக்கிழமை ஏன்மா வரலை?"

"நீலம்னாங்க மேடம்."

"பச்சைன்னுதான் சொன்னாங்க. தப்பு பண்ணினா பேசிக்கலாம். பொய் சொன்னா ரெண்டு நாள் உள்ளதான், தெரியும்ல?"

"சத்தியமா பொய் இல்ல மேடம்!"

காவலர் பக்கத்தில் வந்து நின்றார். லோர்னா எழுந்தாள்.

"நான்தான் மாத்திச் சொன்னேன். கண்ணு செவந்து வந்தா. திரும்பப் போட்டுட்டான்னு நெனச்சேன்."

ஷெல்பி திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"பழைய கூட்டாளி டெரெக் மாத்திரைய நீட்டினான்மா. வேண்டாம்னுட்டு வழியெல்லாம் அழுதுட்டே வந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

ஜட்ஜ் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். சிறை வேண்டாம் என்றார். ஆனால் செவ்வாய்க்கிழமைக்கு அத்தாட்சி கிடையாது, நாள்கணக்கு மறுபடி ஒன்றிலிருந்துதான். முதல் நாளுக்கும் கைதட்டுவது அங்கே வழக்கம். எல்லோரும் தட்டினார்கள். லோர்னாவின் கை மட்டும் எழவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு ஷெல்பியே அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டாள். குளிர்கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்ன கலர்டி?"

"நான் சொன்னா நம்புவியா?"

லோர்னா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.