நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் கௌசிகா. தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நிமிராமல் முடிச்சை இறுக்கினாள். அப்பா ஜெயராசா செத்துப்போன செய்தியைப் பட்டாளத்துப் பழைய ஆட்களுக்குச் சொல்லி அனுப்பியதே அவள்தான்.

நாலு பேர் இறங்கினார்கள். முன்னால் கெப்டன் ஏக்கநாயக்க, தலை முழுக்க நரைத்திருந்தது. மடித்த தேசியக் கொடியோடு அவர் பின்னால் வந்த இன்னொருவர் சவத்தின் முகத்தைப் பார்க்கவே இல்லை. இந்தாள் இருந்த முகாமில்தான் என் தம்பி செத்தான் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

"இவங்களுக்கு எதுக்குடி சொன்ன?" என்றாள் அம்மா பூவம்மா.

"இருக்கட்டும்மா. அந்தக் கெப்டன் மூஞ்சியப் பாக்கத்தான் இத்தன வருசமா காத்துக்கிட்டு இருந்தேன்."

பூனாகலைத் தோட்டத்திலிருந்து பட்டாளத்துக்குப் போன ஒரே ஆள் ஜெயராசா. வடக்கில் ஒரு முகாமில், இயக்கத்தார் வயர்லஸில் பேசுவதைக் கேட்டுச் சிங்களத்தில் சொல்வது அவர் வேலை. இன்றிரவு முகாமை அடிக்கப்போகிறார்கள் என்று ஒருநாள் கெப்டனிடம் மூன்று தரம் போய்ச் சொன்னார். உளறாதே, போய்ப் படு என்று விரட்டினார் கெப்டன். விடிவதற்குள் நாற்பத்தொரு பேர் செத்தார்கள். தமிழன் செய்தியை மறைத்துவிட்டான் என்று விசாரணையில் கூசாமல் சொன்னார் அந்தக் கெப்டன். அப்பாவுக்கு இரண்டு வருடம் சிறை. அப்புறம் சாகும்வரை தேயிலைக் கவ்வாத்துக் கத்திதான்.

அதோடாவது விட்டாரா அந்த மனுஷன்? ஓய்வுபெற்ற பிறகு பட்டாளத்தின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அப்பாவின் பெயர், ஊர், அதே பொய். அதை வாசித்த அன்று அப்பா சோறு தின்னவில்லை.

வாய்க்கரிசி போடத் தொடங்கினார்கள். சொந்தக்காரர்கள் முடித்ததும் கெப்டனும் ஒரு பிடி அள்ளிக்கொண்டு சவப்பெட்டியருகே வந்தார்.

"நானும் போடலாமா, மகள்?" குரலைத் தாழ்த்தினார். "ஜெயராசா சொன்னது உண்மை. அடுத்த புத்தகத்தில நான் மாத்துறது."

கௌசிகாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் போதவில்லை.

"கூட வந்தவங்களுக்குக் கேக்கலயே, சேர். நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சத்தமா, சிங்களத்திலயே சொல்லுங்க."

கெப்டன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். கொடிக்காரர் தூறலில் நின்றுகொண்டிருந்தார்.

"பிறகு... புத்தகத்தில..."

"அடியே, வாய்க்கரிசிய மறிக்காத. பாவம்டி!" என்றாள் பூவம்மா.

"நான் மறிக்கலம்மா. அவரு வாயத் தொறக்கட்டும், அப்பா வாயில போடட்டும்."

தப்பு மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கெப்டனின் தாடை அசைந்தது, சத்தம் வரவில்லை. கௌசிகா அவசரப்படவே இல்லை. அவர் நெற்றியில் வேர்வை அரும்புவதை ஆசைதீரப் பார்த்தாள்.

"ஜெயரூபண்ணே, பெட்டிய மூடுங்க" என்றாள், சுத்தியலோடு நின்ற சொந்தக்காரரிடம்.

ஆணி இறங்கியது. தப்பு மறுபடி முழங்க, பெட்டியைத் தூக்கினார்கள். கெப்டன் ஒதுங்கி வழிவிட்டார். மூடிய கை மூடியபடியே இருந்தது.

கொடிக்காரர் அவரிடம் வந்து சிங்களத்தில் கேட்டார்: "அந்தப் பிள்ளை உங்களை என்ன சொல்லச் சொன்னாள், சேர்?"

கௌசிகாவுக்கு அது கேட்டது. திரும்பிப் பார்க்காமல் பெட்டிக்குப் பின்னால் நடந்தாள்.