முன் தகட்டில் நான்கு துளைகள்

"என் பேரு வேணும், மாஸ்டர். அந்த அறிக்கையில என் பேரு வரணும்."

கேட்டே விட்டாள் இல்கா.

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் வாய் திறந்து கேட்டுவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கூலியைக் கூட்டிக் கேட்கலாம், லீவு கேட்கலாம், குளிருக்கு ஹீட்டர்கூடக் கேட்கலாம். பெயரைக் கேட்டால் பெரிய மனிதர்களுக்கு ஆகாது. அம்மா டெப்ரெட்சென் பக்கம் ஒரு சட்டைக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகக் காலர் தைக்கிறவள். "நான் தைச்ச காலர்ல என் பேரா கண்ணு இருக்கு? போட்டவன் கழுத்துல ஒழுங்கா உட்காந்தாச் சரி" என்பாள்.

மாஸ்டர் ஹால்மோஷ் தேனெஷ் கண்ணில் இடுக்கியிருந்த பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. புடாபெஸ்ட்டில் பழைய கடிகாரம் தேடுகிற பணக்காரர்கள் முதலில் ஏறுவது அவர் கடைப் படியைத்தான். முன்னால் கடை, பின்னால் பட்டறை. பட்டறையில் இருப்பது இல்கா ஒருத்தி.

"பேருதான் முகப்புலயே இருக்கே, பொண்ணே. செஞ்சவன் பேரு."

"செஞ்சவன் செத்து இருநூறு வருஷம் ஆச்சு. ஓட வச்சது நான்."

பேச்சு மேசைமேல் நின்ற கறுப்புக் கடிகாரத்தைப் பற்றியது. பேரிக்காய் மரத்தில் பெட்டி, தலையில் பித்தளைக் கைப்பிடி, கால்மணிக்கு ஒரு தரம் அடிக்கும் இரட்டை மணி. பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுத்தால் கும்மிருட்டிலும் நேரத்தைச் சொல்லும். அது பட்டறைக்கு வந்தபோது உள்ளே எலி குடித்தனம் நடத்தியிருந்தது. ஒரு சக்கரத்தில் பதினோரு பல் போயிருந்தது. பதினொன்றையும் தனித்தனியாகப் பித்தளையில் அறுத்து, பழைய விளிம்பில் வெட்டிப் பொருத்தி, அரத்தால் ராவி, பழசு எது புதுசு எது என்று விரல் நகத்துக்கே தெரியாதபடி ஆக்கியவள் அவள். பதினோரு மாத வேலை. அறிக்கையில் "சீர்செய்தவர்" என்ற இடத்தில் அச்சாகியிருந்த பெயரோ ஹால்மோஷ் பெனெதெக். மாஸ்டரின் மகன். அவன் அரம் பிடித்தது கடை விளம்பரத்துக்குப் போட்டோ எடுத்த அன்று மட்டும்தான். அதையும் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

"மியூசியத்துல வேலைக்கு ஆள் எடுக்கறாங்க" என்றாள். "என் பேரு போட்ட அறிக்கை மூணு கேக்கறாங்க. படிச்சப்போ செஞ்சது ரெண்டு இருக்கு. ஒண்ணு குறையுது. மாசக் கடைசிக்குள்ள குடுக்கணும்."

"ஓ, யுனிவர்சிட்டி அம்மாவுக்கு இங்க இருக்கப் பிடிக்கலையா?" கதவில் சாய்ந்து ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தான் பெனெதெக். "அப்பா, பட்டத்தை ஃபிரேம் போட்டு மாட்டினா, அது மணி அடிக்குமான்னு கேளுங்க."

"அடிக்காது. ஆனா நீ கெடுத்து வச்சதையெல்லாம் சரி பண்ணும். போன வாரம் முள்ளைப் பின்னால திருப்பி மணியடிக்கிற கம்பியை உடைச்சியே, அதை எந்தப் பட்டம் சரி பண்ணுச்சு?" என்றாள் இல்கா.

மாஸ்டர் சிரித்தார். மகனைக் குத்தினால் அவருக்குச் சிரிப்பு வரும், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"இங்க பாரு இல்கா. வாங்கறவன் ஹால்மோஷுங்கற பேரைத்தான் வாங்கறான். சொர்தாஷ் இல்கான்னு போட்டா, யாரு இந்த மாடு மேய்க்கிற வீட்டுப் பொண்ணுன்னு கேப்பான்." அவள் குடும்பப் பெயருக்கு அர்த்தமே மாட்டுக்காரன் என்பதுதான். "உனக்குப் பேரு வேணும்னா ஸ்பிரிங் டப்பா மூடிக்கு அடியில கீறிக்கோ. எல்லாரும் அப்படித்தானே செஞ்சாங்க? நான் தடுத்தேனா?"

அது உண்மை. கடிகாரத்தைத் திறந்த ஒவ்வொருவனும் யார் கண்ணிலும் படாத இடத்தில் ஊசியால் தன் பெயரையும் வருஷத்தையும் கீறிவிட்டுப் போவது இந்தத் தொழிலின் வழக்கம். முப்பது வருஷம் கழித்து அடுத்தவன் திறப்பான், படிப்பான், தன்னுடையதையும் கீழே கீறுவான். முப்பது வருஷம் கழித்து வருகிறவன் மியூசியத்துக்குக் கடிதம் எழுதப் போவதில்லை.

கறுப்புக் கடிகாரம் அந்த வாரமே பெனெதெக் பெயரோடு வியன்னாவுக்குப் போய்விட்டது.

பத்து நாள் கழித்து, வியாழக்கிழமை சாயங்காலம், மாஸ்டர் அவளை முன் கடைக்குக் கூப்பிட்டார். இரண்டரை வருஷத்தில் முதல் தடவையாக "உட்காரு" என்றார். தட்டில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டி இருந்தது. அதையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"பேரு கேட்டியே. போட்டுடலாம்."

இல்காவுக்குக் காது அடைத்தது. "எதுல?"

"ஏப்ரல்ல செஞ்சியே, அந்தப் போஜோன் கடிகாரத்துல. நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு அதை வாங்கப் போற பல் டாக்டரம்மா வராங்க. முழு அறிக்கை, உன் பேரு, உன் பட்டப் பதிவு எண், எல்லாம். ரெண்டு பிரதி. ஒண்ணு உனக்கு. போதுமா?"

போஜோன் கடிகாரம் என்றதும் மனசில் முள் ஒன்று குத்தியது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தலையாட்டினாள். டிராம் நிறுத்தத்திலிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"குடுத்துட்டாங்கம்மா! என் பேரு!"

"கேக்காதேன்னு சொன்னேனே, கேட்டியா?" அம்மாவின் பின்னால் தையல் மெஷின்கள் இரைந்தன. அப்புறம் குரல் இறங்கியது. "நெஜமாவா கண்ணு? முழுப் பேருமா? சொர்தாஷ்னு?"

"முழுப் பேரும்."

"இருடி, பக்கத்து மெஷின் ஷார்லோத்தாகிட்டச் சொல்றேன்." போனைக் காதிலிருந்து எடுக்காமலே அம்மா கத்தினாள்: "ஏய், என் பொண்ணு பேரு மியூசியத்துக்குப் போவுது!"

வெள்ளிக்கிழமை காலை பட்டறை மேசையில் அறிக்கை தயாராக இருந்தது. தடித்த காகிதம், மேலே கடையின் தங்க முத்திரை. இல்கா முதலில் தன் பெயரைத்தான் பார்த்தாள். இரண்டு தரம் படித்தாள். பிறகு மேலே போனாள்.

"இயந்திரமும் பெட்டியும் முகப்பும் தொடக்கம் முதல் ஒன்றாகவே இருப்பவை. தகடுகளில் அந்நியத் துளைகளோ பிற்காலத் திருத்தங்களோ இல்லை. இதை நேரில் சோதித்து உறுதி செய்கிறேன்."

நேற்றுப் பிடுங்கிப் போட்ட முள் மறுபடி ஏறியது. இப்போது ஆழமாக.

ஏப்ரலில் மாஸ்டர் இரண்டு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் போஜோன் நகரத்து லம்பெர்க் என்ற பேர்போன கடிகாரக்காரன் பெயர் பொறித்த முகப்பும், ஆமையோட்டுப் பெட்டியும். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கூடு. இன்னொன்றில் சமவெளியில் செந்தெஷ் ஊர்ப் பக்கம் யாரோ பள்ளிக்கூட வாத்தியார் வீட்டு மேசையில் ஓடிய கடிகாரத்தின் இயந்திரம். நல்ல இயந்திரம்தான், பேரில்லாத இயந்திரம். இரண்டையும் சேர்த்தால் விலை இருபது மடங்கு. தொழிலில் இதற்குக் கல்யாணம் என்று பேர். முகப்பின் கால்கள் இயந்திரத்தின் முன் தகட்டில் இறங்க வேண்டும். கால்கள் மூன்று, தகட்டில் இருந்த துளைகள் நான்கு, அவையும் வேறு இடத்தில்.

"நாலையும் அடைச்சிடு, மூணு புதுசாப் போடு" என்றார் மாஸ்டர். அடைத்தாள். பித்தளை ஆணி அறைந்து, ராவி, மெருகேற்றி, புதுப் பித்தளையின் பளபளப்பு போக மூடிய ஜாடியில் அம்மோனியா ஆவியில் இரண்டு நாள் வைத்தாள். வெளியே எடுத்தபோது இருநூறு வருஷத்துப் பழுப்பு. தன் கைத்திறமையைப் பார்த்துத் தானே பூரித்தாள். தெரியாமலா செய்தாள்? தெரியும். கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் செய்திருந்தாள். அந்தத் தகட்டின் பின்புறம், முன்பு திறந்தவர்கள் கீறிய மூன்று பெயர்கள் இருந்தன. "கால் மிஹாய், செந்தெஷ், 1838." "பட்டாகி, 1871, ஸ்பிரிங் புதிது." "துர்ச்சான் பால், 1902, எண்ணெய் இட்டேன், நன்றாக ஓடுகிறது." போஜோன் கடிகாரத்துக்குள் செந்தெஷ் என்ற பெயர் இருக்கக் கூடாதே! "அதையும் தேய்ச்சிடு" என்றார் மாஸ்டர். தேய்த்தாள். தன் பெயருக்காகச் சண்டை போட்டவள், அவளைப் போல யாருக்கும் தெரியாத மூன்று பேரை அரை மணி நேரத்தில் இல்லாமல் ஆக்கியிருந்தாள்.

மாஸ்டர் கோட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டே உள்ளே வந்தார். "என்ன, போட்டுட்டியா?"

"இது பொய், மாஸ்டர்."

"எது?"

"துளை இல்லைன்னு போட்டிருக்கு. நாலு துளையையும் அடைச்சதே நான்தான்."

"சரி. நீதானே அடைச்சே? அப்போ கையெழுத்தும் நீதானே போடணும்? நீ செஞ்ச வேலைக்கு உன் பேரு. அதைத்தானே கேட்டே?"

அவர் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வது போலத் தொடர்ந்தார்.

"டாக்டரம்மாவோட இன்ஷூரன்ஸ்காரன், பட்டம் வாங்கின ஆள் கையெழுத்து இல்லாம ஒத்துக்க மாட்டானாம். என்கிட்டப் பட்டம் இல்லை. பெனெதெக்கிட்டயும் இல்லை, அவன் ரெண்டாம் வருஷத்துலயே ஓடி வந்துட்டான். உன்கிட்டதான் இருக்கு. இத்தனை நாள் அது எனக்கு வேண்டியிருக்கலை, இப்ப வேணும். உனக்கும் ஒரு காகிதம் வேணும். யாருக்கு நஷ்டம்?"

"நாளைக்கு யாராவது முகப்பைக் கழட்டிப் பாத்தா?"

"நீ அடைச்சதை எவன் கண்டுபிடிப்பான்? உன் வேலை மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

"கண்டுபிடிச்சா?"

மாஸ்டர் அறிக்கையை அவள் பக்கம் நகர்த்தினார். கதவருகே நின்ற பெனெதெக்தான் சொன்னான், வாய்க்குள் சிரித்துக்கொண்டு: "கண்டுபிடிச்சா, அதுல யாரு பேரு இருக்கோ அவங்களைக் கேப்பாங்க."

"வாயை மூடுடா" என்றார் மாஸ்டர். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

கறுப்புக் கடிகாரத்தில் பெயர் போட்டால் பெருமை. அது மகனுக்கு. இதில் போட்டால் பழி. அது மாட்டுக்கார வீட்டுப் பெண்ணுக்கு. அம்மா இருபத்திரண்டு வருஷம் காலர் தைத்துக் கட்டிய ஃபீசில் வந்த பட்டத்துக்கு இந்தக் கடையில் உபயோகம் இப்போதுதான் பிறந்திருக்கிறது.

முன் கடையில் மணி ஒலித்தது. பல் டாக்டர் வந்துவிட்டாள். மாஸ்டர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார். "காபி குடுத்துப் பேசிட்டிருக்கேன். பத்து நிமிஷத்துல கையெழுத்தோட வா. முகத்தைக் கழுவிட்டு வா." பெனெதெக்கும் பின்னாலேயே போனான்.

இல்கா முகம் கழுவவில்லை. கடையின் முத்திரை போட்ட வெற்றுத் தாள் ஒன்றை எடுத்தாள். "சீர்செய்தவர்: சொர்தாஷ் இல்கா" என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். கீழே வேலைகளை எழுதினாள். படிப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரியே, அளவோடு, தேதியோடு. முன் தகட்டில் பழைய துளைகள் நான்கு, பித்தளையால் அடைக்கப்பட்டன. புதிய துளைகள் மூன்று. அம்மோனியா ஆவியால் நிறமேற்றம். இயந்திரம் இந்தப் பெட்டிக்குரியது அல்ல. அழிக்கப்பட்ட கீறல்கள்: கால் மிஹாய் 1838, பட்டாகி 1871, துர்ச்சான் பால் 1902. செய்யச் சொன்னவர் கடை உரிமையாளர். அறிந்தே செய்தவள் நான்.

"அறிந்தே" என்ற இடத்தில் பேனா நின்றது. அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் மியூசியத்துக்காரர்கள் பாவம் சின்னப் பெண் என்று நினைப்பார்கள். விடவில்லை. கையெழுத்துப் போட்டாள், பட்டப் பதிவு எண்ணை எழுதினாள், மூலையில் இருந்த ஜெராக்ஸ் மெஷினில் ஒரு பிரதி எடுத்தாள். பட்டறை மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். தன் சொந்த அரங்கள் ஆறையும் துணியில் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள்.

முன் கடையில் போஜோன் கடிகாரம் வெல்வெட் மேல் ஜம்மென்று நின்றது. நன்றாகவும் ஓடியது. டாக்டர் வெரெஷ் மார்கித் ஐம்பது வயதுக்காரி, குட்டை முடி, கையில் காபிக் கோப்பை.

"இவங்கதானா?" என்றாள். "மாஸ்டர் உங்களைப் பத்தித்தான் சொல்லிட்டிருந்தார். தங்கமான கைன்னார்."

"தங்கமெல்லாம் இல்லீங்க, பித்தளைதான்." இல்கா தாளை அவள் கையிலேயே கொடுத்தாள். "முழுசாப் படிங்க. அப்புறம் முகப்பைக் கழட்டச் சொல்லிட்டு, முன் தகட்டுல லைட்டைச் சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. நேரா அடிச்சாத் தெரியாது."

மாஸ்டரின் கை பாதியில் நின்றது. "என்ன குடுத்தே? இல்கா! அந்தத் தாளு இல்லை, டாக்டர், அது... குடுங்க இப்படி."

டாக்டர் கொடுக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்கியிருந்தாள். "பல்லு அடைச்சதையே நான் கண்டுபிடிப்பேன், மாஸ்டர்" என்றாள் தலை நிமிராமல். "இருங்க."

பெனெதெக் வாசலுக்குக் குறுக்கே வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. "பைத்தியமாடி உனக்கு? உன் பேரையும் சேர்த்து நாறடிச்சிருக்கே! இந்தத் தெருவுல இனி ஒரு கடைக்காரன் உன்னை உள்ள விடுவானா? அந்த மியூசியம்தான் விடுமா?"

"விடாதுன்னுதான் நினைக்கறேன். நகரு."

"அப்போ எதுக்குடி?"

அவனுக்குப் பதில் சொல்ல அவளிடம் நேரமில்லை. இன்றைத் தபாலில் சேர்க்கப் பன்னிரண்டு மணிக்குள் தபாலாபீசுக்குப் போக வேண்டும். விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டிய மூன்றாவது அறிக்கையின் பிரதி பையில் இருந்தது. பின்னால் மாஸ்டர் குரலை உயர்த்துவதும், டாக்டர் "முதல்ல கழட்டுங்க, பேச்சு அப்புறம்" என்பதும் கேட்டன. தோளால் பெனெதெக்கை ஒதுக்கிக் கதவைத் தள்ளினாள். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, அம்மாவாகத்தான் இருக்கும். எடுக்காமல், மழை ஈரத்தில் வழுக்கும் கல் தெருவில் இறங்கி வேகமாக நடந்தாள்.