அம்சவேணி காலில் புரண்ட கெண்டை

மதுமதி இந்தியில் சொன்ன ஒரு சொல் பிசகியதால், வெயில் நாற்பத்தெட்டைத் தொட்ட அந்த மே மாதத்தில், டெல்லி துவாரகாவில் ஒரு அடுக்குமாடிச் சொசைட்டியின் மூன்றாம் மாடியில் குடியிருந்த அவளுடைய அம்மா அம்சவேணியின் இடது காலுக்குள் ஒரு கெண்டை மீன் வந்து சேர்ந்தது. நடந்தது இவ்வளவுதான். வேர்த்து வேர்த்து உடம்பின் உப்பெல்லாம் போய், படுத்தால் அம்சவேணிக்குக் கால் சதை இழுத்துக்கொண்டது. அவள் மேட்டூர்க்காரி. அந்தப் பக்கத்தில் கால் சதை இழுத்தால் கெண்டை புரளுது என்பார்கள். கெண்டைக்காலைச் சொல்வது அது, மீனுக்கு அதில் வேலையில்லை. ஆனால் மதுமதி டெல்லியில் பிறந்து டெல்லியில் கல்லூரிக்குப் போகிறவள். அவள் தமிழ் அடுப்படித் தமிழ். கெண்டை என்றால் அவளுக்குத் தெரிந்தது ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் கிடப்பதுதான். அம்சவேணிக்கு இந்தியில் காய்கறி வாங்கத் தெரியுமே தவிர வலியைச் சொல்லத் தெரியாது, அதனால் டாக்டரிடம் மகள்தான் பேசினாள். ‘மம்மி கே பைர் மே மச்லி பலட் ரஹீ ஹை’ என்றாள், அம்மாவின் காலில் மீன் புரள்கிறது என்று. இந்தியிலும் திரண்ட சதையை மச்லி என்று சொல்வதுண்டு என்பதால் டாக்டர் ஆச்சரியப்படவில்லை. உப்புக்கரைசல் குடிக்கச் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். ஒரு டாக்டரும் ஒரு மகளும் ஒத்துக்கொண்ட பிறகு மீன்தான் என்ன செய்யும்? அன்று சாயங்காலமே வந்துவிட்டது.

அம்சவேணியின் கணவர் கலியனுக்கு விமான நிலையத்தின் சரக்குக் கிடங்கில் வேலை. ஞாயிறு தவறாமல் தூண்டில் போடுகிறவர். மனைவியின் காலைத் தடவிப் பார்த்து, மீசை இருக்கிறது, செதில் பெரிது, சாதாக் கெண்டைதான், நல்ல வளர்த்தி என்று சொன்னார். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை அது போய்வருவது தோலுக்கு மேலேயே தெரிந்தது. காலை வாளித் தண்ணீரில் வைத்தால் வளையம் வளையமாக அலை எழும்பியது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வந்து பார்த்துவிட்டு, போன வருஷம் இதைவிட மோசமான வெயில் என்றாள். சொசைட்டியின் வாட்ஸாப் குழுவில், செல்லப் பிராணிகளைப் பதிவு செய்யும் விதி இதற்கும் உண்டா என்று ஒருவர் கேட்டார். லிப்டில் நாய் வந்தால்தான் விதி, கால் வந்தால் இல்லை என்று செயலாளர் பதில் போட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இதுவரை சிரிக்கிற சமாசாரம். அதற்குப் பிறகு அம்சவேணி சாப்பிடுவதை நிறுத்தினாள். மீனுக்குப் பசித்தால்தான் அவளுக்குப் பசித்தது, அந்த வெயிலில் மீனுக்குப் பசிக்கவே இல்லை. சோற்றை ரசித்துச் சாப்பிடுகிற பெண்பிள்ளை அவள். கல்யாணமான புதிதில் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் அவள் வழித்துச் சாப்பிடும் தட்டைப் பார்த்துத்தான் கலியனுக்குக் குடும்பம் நடத்தும் தைரியமே வந்தது. அவள் இப்போது தட்டை நகர்த்தி வைத்தாள். கலியன் சும்மா இருக்கவில்லை. மத்தியான ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து சாம்பார், வறுவல், மாம்பழம் என்று அவள் முன்னால் பரப்பினார். கெஞ்சினார். ஒருநாள் அதட்டியும் பார்த்தார், அதற்காக அன்று முழுக்க வருத்தப்பட்டார். ரத்தத்தைச் சோதித்தார்கள், படம் எடுத்தார்கள், எல்லாம் நார்மல் என்று வந்தது. நார்மலான பெண்ணுக்கு வளையல் முழங்கை வரை ஏறியது. இப்படியே ஜூன் போனால் இவள் இருக்கமாட்டாள் என்று கலியனுக்குத் தெரிந்தது.

சொசைட்டியின் பின்மதிலுக்கு அப்பால் ஒரு பழைய குளம் உண்டு. ஜோகட் என்பார்கள். தூர்வாரி, சுற்றி நடைபாதை போட்டு, கெண்டைக்குஞ்சு விட்டிருந்தார்கள். ஞாயிறு காலையில் மட்டும் தூண்டில் போடலாம். அந்த மே மாதம் முழுக்கக் கலியனுக்கு அங்கே ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. கிடங்கில் அவரோடு வேலை பார்க்கும் நாகூர்க்காரன் ஆரிப்தான் அவருக்குத் தூண்டில் கூட்டாளி. வாயாடி. மிதவை அசையாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, கலியன் கோதுமைமாவு உருண்டையைப் பெரிசு பெரிசாகப் பிடித்துத் தண்ணீரில் எறிந்துகொண்டிருந்தபோது ஆரிப் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“போதும்ண்ணே. தண்ணி கொதிக்குது, அதுல மூச்சே இல்ல. மூச்சு இல்லாதவன் முன்னாடி பிரியாணி அண்டாவ எறக்கி வச்சா என்ன பண்ணுவான்? தின்னாத தீனி கெடந்து அழுகினா, இருக்கிற கொஞ்ச மூச்சும் போயிரும்.”

பிறகு அவன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். வெயில் காலத்துக் கெண்டை உச்சிப்பொழுதில் வாய் திறக்காது. விடியுமுன் தண்ணீர் கொஞ்சம் ஆறியிருக்கும், அப்போது தின்னும், அதுவும் கொறிக்கும். காற்று எந்தக் கரையில் அலையைக் கொண்டுபோய் மோதுகிறதோ அந்தக் கரையில் நிற்கும், அங்கேதான் தண்ணீரில் மூச்சு கலந்திருக்கும். சின்னதாக, லேசாகப் போட வேண்டும், போட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். இதெல்லாம் கலியனுக்கும் ஓரளவு தெரிந்ததுதான். ஆனால் வீட்டில் மத்தியானம் தான் பரப்பிவைத்த தட்டுகள் அப்போது அவர் கண்முன் வந்தன. தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் கிழக்கு வெளுக்குமுன் கூலரைப் பால்கனிக்கு இழுத்து, காற்று தண்ணீர்மேல் படுகிற மாதிரி அகலமான டப் ஒன்றை வைத்து, அம்சவேணியின் காலை அதில் இறக்கச் சொன்னார். மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டார் ஒன்றை மதுமதி வாங்கி வந்து டப்பில் போட்டாள், குமிழி எழுந்தது. கலியன் தயிர்சாதத்தைச் சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். சாப்பிடு என்று சொல்லவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மெட்ரோ போய், அடுத்த மெட்ரோவும் போன பிறகு டப்பில் வால் அடிக்கும் சத்தம் கேட்டது. கையில் உருண்டை இல்லை. இத்தனை வருஷத்தில் கலியன் பிடித்த பெரிய மீன்களெல்லாம் அந்த ஒரு உருண்டைக்கு ஈடாகாது. பிறகு தினமும் அப்படியே நடந்தது. கொறிப்புதான், ஆனாலும் வளையல் மேலே ஏறுவது நின்றது.

ஜூன் நடுவில் காற்று நின்றுபோனது. லூ என்கிற அனல்காற்று அடித்தால் திட்டுகிற ஊர் அது; அது நின்றபோதுதான் அதன் அருமை தெரிந்தது. வேப்பிலைகூட அசையவில்லை. கரண்ட் போய் கூலரும் நின்ற ஒரு விடிகாலையில் அம்சவேணி வாயைத் திறந்து திறந்து மூடினாள், மூச்சு உள்ளே போகவில்லை. பால்கனியிலிருந்து பார்த்தால் குளத்தில் எல்லாக் கெண்டைகளும் தண்ணீருக்கு மேலே வாயை நீட்டி அதே மாதிரி திறந்து மூடின. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள், ஆம்புலன்ஸ் வருகிறது என்றார்கள். கலியன் அதற்குக் காத்திருக்கவில்லை. மனைவியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். குளத்துக்கு ஏன் போனார் என்று பின்னால் கேட்டவர்களுக்கு, மூச்சு அங்கேதான் முட்டியது என்று மட்டும் சொன்னார்.

அவளைக் கரையில் உட்காரவைத்து, காலைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு, அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். பின்னாலேயே வாளிகளோடு ஓடிவந்த மதுமதியிடமிருந்து ஒன்றை வாங்கி, தண்ணீரை மொண்டு தலைக்கு மேலே தூக்கி, உயரத்திலிருந்து குளத்திலேயே ஊற்றினார். மறுபடியும் மொண்டார், மறுபடியும் ஊற்றினார். நடைபாதையில் காலைநடை போனவர்கள் நின்று பார்த்தார்கள். பாயிசாப் என்ன செய்கிறார் என்று ஒருவர் கேட்டார்.

“மதூ, ஆத்துறேன்னு சொல்லு” என்றார் கலியன், மூச்சு வாங்க. “டீ ஆத்துற மாதிரி.”

மதுமதிக்கு அந்தச் சொல் தெரியும், அது அடுப்படிச் சொல். இந்தியில் அதற்கு ஒரே சொல்லாக எதுவும் அவளுக்கு அகப்படவில்லை. போன தடவை ஒரு சொல்லை அவசரப்பட்டு மாற்றியதால் வந்த வினை கண்முன்னால் உட்கார்ந்திருந்தது. ஆகவே இந்தத் தடவை அவள் சொல்லாமல் செய்து காட்டினாள். இரண்டு வாளியை எடுத்து, ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்தி, டீக்கடைக்காரர் மாதிரி நீட்டி ஆற்றினாள். டெல்லியில் டீ தெரியாதவர் யார்? பஞ்சாபி அம்மாள் சல்வாரை மடித்துக்கொண்டு இறங்கினாள். செயலாளர் இறங்கினார். ஷிப்ட் முடிந்து போகிற வழியில் விஷயம் கேள்விப்பட்டு வந்த ஆரிப் சீருடையோடு இறங்கினான். வாளி, மக்கு, பிரஷர் குக்கர், பால் பாத்திரம் என்று கைக்குக் கிடைத்ததோடு ஜனம் வந்தது. சொசைட்டி முழுவதும் சேர்ந்து ஒரு குளத்தை ஆற்றியது. வெயில் ஏறிய பிறகும் யாரும் கரையேறவில்லை. பராமரிப்புக் கட்டணத்துக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தவர்கள்கூட ஒரே வாளியை மாற்றி மாற்றித் தூக்கினார்கள். நல்ல டீ ஆறுகிற மாதிரியே குளத்தின்மேல் முதலில் நுரை கட்டியது, பிறகு ஆவி போனது, பிறகு தொட்டால் குளிர்ந்தது. கெண்டைகள் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கின. அம்சவேணியின் காலில் ஒரு முறை வால் பலமாக அடித்தது.

அவள் நிமிர்ந்து கணவரைத் தேடினாள்.

“என்னங்க” என்றாள். “பசிக்குது. வீட்டுல சோறு இருக்குதா?”

கலியன் வாளியைப் போட்டுவிட்டுக் குளத்துக்குள் நின்றபடியே அழுதார். சோறு அவர் வீட்டில் இல்லை, யாரும் இன்னும் அடுப்பு மூட்டவில்லை. ஆனால் எட்டுத் திக்கிலிருந்தும் டிபன் டப்பா வந்தது. பராட்டா, அவல் போகா, புட்டு, ஆரிப் டப்பாவில் மீதியிருந்த எலுமிச்சைச் சாதம். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அம்சவேணி இரண்டாவது பராட்டாவில் இருந்தாள். டிரைவருக்கும் ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். பத்து நாளில் மழை வந்தது. முதல் மழைக்குக் கெண்டைக்கு வரும் பசியைத் தூண்டில்காரர்கள் அறிவார்கள். அந்த வாரம் கலியன் இரண்டு முறை அரிசி வாங்கப் போக வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு சில கோடைகள் வந்து போயின. குளம் ஆற்றுவது இப்போது சொசைட்டியில் ஹோலி மாதிரி ஒரு வழக்கம். காற்று நின்றால் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, வாளியோடு வந்துவிடுகிறார்கள். கோடையில் கலியன் தூண்டிலைத் தொடுவதில்லை. விடிகாலையில் ஒரு பிடி மாவைக் காற்றடிக்கும் கரையில் தூவிக் கும்பிட்டுவிட்டு வருவார். யாரைக் கும்பிடுகிறீர்கள் என்று ஆரிப் கேட்டதற்கு, யாரையென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, அதனால் மொத்தமாகக் கும்பிடுகிறேன் என்றார்.

கால் சதைக்கு இந்தியில் பிண்ட்லி என்று சரியான சொல் இருப்பதை மதுமதி பின்னால் கண்டுபிடித்தாள். டாக்டரிடம் போய் அன்று சொன்னது தப்பு என்று திருத்திவிட்டால் மீன் போய்விடும் என்று அவளுக்குப் பட்டது. மம்மி, ஜல்தி கிளம்பு, இன்றைக்கே போய்விடலாம் என்றாள். அம்சவேணி பால்கனியில் டப்பில் கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். கலியன் பக்கத்தில் தயிர்சாதம் உருட்டிக்கொண்டிருந்தார்.

“இருந்துட்டுப் போவட்டும் கண்ணு” என்றாள். “அது வந்தப்புறந்தான் உங்கப்பன் கையால நான் சாப்புடறேன்.”

கலியன் காது கேட்காதவர் மாதிரி அடுத்த உருண்டையை நீட்டினார். டப்பில் வால் அடித்தது. மதுமதி போய், மூன்று பேருக்கும் டீ போட்டு ஆற்றிக் கொண்டுவந்தாள்.