பெரட்டுக்குப் பிந்திய கண்டாக்கு

சிரிப்புப் படத்தில் முதலில் யார் சிரிக்கிறார் என்பதுதான் முக்கியம் என்று சொன்னவன் நல்லமுத்து. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, இலங்கை மலைநாட்டில் வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஃபாக்டரியில் ராவேலை பார்ப்பவன். அட்டன் கொட்டகைக்கு வரும் படங்களின் தொடக்கத்தை அவனைப் போலப் பார்த்தவர் யாருமில்லை. மீதிப் படம் அவனுக்குத் தெரியாது. தூங்கிவிடுவான்.

அறுபத்துமூன்றாம் வருஷம். அட்டன் பள்ளிக்கூடத்துத் துரைராசா மாஸ்டர், லண்டனிலிருந்து தமையன் கொண்டுவந்து கொடுத்த சின்னக் கேமராவைக் காட்டி, மாணவர்களை ஒரு படம் எடுக்கச் சொன்னார். சத்தமில்லாத படம். கதையும் நடிப்பும் ஆண்டியப்பன், நல்லமுத்துவுக்கு அடுத்த லயக் காம்பரா வீட்டுக்காரன். யோசனை சொல்ல நல்லமுத்துவையும் கூட்டிவந்திருந்தான். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கி, பிந்தி வருகிறவர்களை விரட்டும் கண்டாக்கு, ஒருநாள் தானே பிந்தி வந்து, தன்னைத் தானே திட்டி, தன்னைத் தானே வீட்டுக்கு விரட்டிக்கொள்கிறார். அவ்வளவுதான் கதை.

தோட்டத்தில் பெரட்டு என்றால் சோறு. விடிந்ததும் ஆட்கள் வரிசையில் நிற்க, கண்டாக்கு வந்து ஒவ்வொருவருக்கும் இன்ன மலையில் வேலை என்று சொல்வார். மலை கிடைத்தால் அன்றைக்குப் பேர் விழும், கூலி உண்டு. பேர் விழாமலே போனால் கடைசியில் தோட்டம் கொடுத்த காம்பராவும் போகும். ஆண்டியப்பனுக்குத் தகப்பன் இல்லை. அந்த வீட்டில் விழுவது அவன் தாய் வேலாயியின் பேர் ஒன்றுதான்.

"எங்கையிருந்து தொடங்கப்போறம்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"தோட்டத்தக் காட்டலாம் சார். மலை, பனி, கொழுந்து," என்றான் ஆண்டியப்பன்.

"அதெல்லாம் தேயிலை டப்பாவுலயே இருக்கு," என்றான் நல்லமுத்து. "அழுகப் படம்னா ஊரக் காட்டலாம். பயங்காட்டுற படம்னா சாத்துன கதவக் காட்டலாம். சிரிப்புப் படத்துல, சிரிக்கலாம்னு யாராச்சும் மொதல்ல சொல்லிறணும். இல்லாட்டி நம்ம ஆளுங்க கண்டாக்கப் பாத்துச் சிரிப்பாங்களா? எந்திரிச்சு நிப்பாங்க."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மெய்தான். ஆர் சிரிக்கிறது?"

"எங்கம்மா," என்றான் ஆண்டியப்பன்.

ஞாயிற்றுக்கிழமை எடுத்தார்கள். முதலில் கால்கள் மட்டும். நீளக் காலுறை மாட்டி, முழங்கால் உள்பக்கம் இடிக்க, படிக்கட்டில் இறங்கி வரும் ஆண்டியப்பனின் கால்கள். அடுத்தது வேலாயியின் முகம். சிரிக்கச் சொன்னால் அவள் கட்டைபோல நின்றாள். ஆண்டியப்பன் கேமராவுக்குப் பின்னால் போய் அந்த நடையை நடந்தான்.

"அடப்பாவி, நம்ம கண்டாக்கு ஐயாவேதான்டா!" பல் விழுந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

படத்தைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டினார்கள். தோட்டத்தில் எந்த விசேஷமானாலும் கண்டாக்கைக் கூப்பிட்டு மாலை போடாமல் நடக்காது. இதற்கும் கூப்பிட்டார்கள். மாலை போட்டு முன்னால் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அது தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, நல்லமுத்துவுக்கும்தான்.

கால்கள் வந்தன. யாருடைய நடை என்று எல்லாருக்கும் தெரிந்தது. மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு வேலாயி வந்தாள். கூட்டம் வெடித்தது. மாலை கழுத்தில் கிடக்கக் கண்டாக்கும் சிரித்தார்.

மறுநாள் பெரட்டில் எல்லாருக்கும் மலை கிடைத்தது. வேலாயியின் முன்னால் மட்டும் அவர் நிற்காமல் நடந்துபோனார். அடுத்த நாளும் அப்படித்தான். அந்த வாரம் முழுக்க அவள் கூடையோடு போய்க் கூடையோடு திரும்பினாள்.

முறையிடப் போனபோது தொழிற்சங்கத்துத் தலைவர் தலையைச் சொறிந்தார். "பேர வெட்டியிருந்தா கேக்கலாம். அவரு வெட்டலையே. மறந்துட்டேன்னு சொல்லுவாரு."

ஆண்டியப்பன் படச்சுருளை எடுத்துக்கொண்டு கண்டாக்கு வீட்டு வாசலில் போய் நின்றான். "இத நீங்களே வச்சுக்கங்க ஐயா. எரிச்சாலும் சரி."

"எனக்கெதுக்குடா? நல்ல படம். நானும் சிரிச்சேனே." காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நாளைக்குப் பெரட்டுக்கு வா. அந்த நடைய நேர்ல பாக்கணும்."

ஃபாக்டரியிலிருந்து இறங்கி வந்த நல்லமுத்து, புருவத்தில் தேயிலைத் தூசியோடு பெரட்டுக் களத்தின் ஓரத்தில் நின்றான். ஆண்டியப்பன் வரிசைக்கு முன்னால் நடந்தான். காலுறை இல்லாத முழங்கால்கள் குளிரில் இடித்துக்கொண்டன. ஒருவரும் சிரிக்கவில்லை.

"என்னா, அன்னைக்கு அப்படிச் சிரிச்சீங்க?" கண்டாக்கு குடையால் வேலாயியைக் காட்டினார். "மொதல்ல நீதானே?"

வேலாயி மகனைப் பார்த்தாள். பிறகு கையால் வாயை மறைத்தாள். சிரித்தாள். படத்தில் கேட்காத சத்தம் இப்போது கேட்டது.

அவள் சிரித்ததும் பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. நல்லமுத்து சொன்னது சரிதான்.

"வேலாயி, பன்னெண்டாம் நம்பர் மல," என்றார் கண்டாக்கு. அவள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு திரும்பிப் பாராமல் ஏறினாள்.

நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. ஆண்டியப்பன் நடந்துகொண்டிருந்தான்.