சலூன்காரரின் இடது கை

அச்சுத் தொழிலை விட்டுச் சில வருடங்கள் ஆகியும் அந்தத் தெருவுக்கு அவர் அச்சுக்காரர்தான். மரப்பலகையில் படம் செதுக்கி, மை உருட்டி, காகிதம் வைத்து, இரும்புச் சக்கரத்தைச் சுற்றி அழுத்தி எடுக்கும் வேலை அவருடைய பாதி ஆயுளைத் தின்றது. கடைசியில் அந்தச் சக்கரம் வலது தோளையும் தின்றுவிட்டது. "இனிமே இதைச் சுத்தினீங்கன்னா சட்டை மாட்டக்கூட கை தூக்க முடியாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன அன்று அவருக்கு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. கால் போன போக்கில் நடந்து, கண்ணில் பட்ட சலூனுக்குள் நுழைந்து, பெஞ்சில் உட்கார்ந்தார்.

"முடியா, தாடியா?" என்று கேட்டார் சலூன்காரர், கை வேலையை நிறுத்தாமலே.

"ஒண்ணும் வேண்டாம்ணே. சும்மா உட்காரலாமா?"

"பெஞ்சும் சும்மாதான் இருக்கு. உட்காருங்க."

அவ்வளவுதான் பேச்சு. ஏன், எதற்கு, என்ன ஆச்சு என்று ஒரு கேள்வி இல்லை. மறுநாளும் போனார். அடுத்த வாரம் ஒரு பென்சிலும் காகிதமும் கொண்டுபோனார். கை தன் பாட்டுக்கு, காத்திருக்கிறவர்களின் முகங்களை வரையத் தொடங்கியது. ஒருவர் முறைத்தார். "யாரைக் கேட்டுய்யா என்னை வரையறீங்க?"

"என்னைக் கேட்டுத்தான்" என்றார் சலூன்காரர். "தலைக்கு மேல இருக்கிறதை நான் பார்க்கிறேன். கீழ இருக்கிறதை அவரு பார்க்கட்டும். அசையாம இருங்க, ரெண்டு பேரு வேலை செய்யறோம்."

கடை சிரித்தது. முறைத்தவரும் சிரித்தார். தன் அம்மாவை வரைந்து தரச் சொல்லி முதன்முதலில் கேட்டவரும் அவரேதான். அச்சுக்காரர் முகம் வரைகிறவரானது அந்தப் பெஞ்சில் நடந்த கதை.

அவர் வேலை செய்யும் விதமே தனி. வரையும் துணியை முதலில் முழுக்கப் பழுப்பு நிறத்தால் மூடிவிடுவார். பிறகு கந்தலைச் சுருட்டி, நெற்றியில் வெளிச்சம் விழும் இடத்தைத் துடைத்து எடுப்பார்; மூக்கின் நுனி, கன்னத்து மேடு, கண்ணுக்குள் ஒரு பொட்டு. செதுக்கிப் பழகிய கைக்கு, சேர்ப்பதைவிட எடுப்பதுதான் சுலபம். நிறங்களிலும் கஞ்சர். அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிப் பலகை செதுக்க வேண்டும். அந்தப் பயம் போகாமல் மூன்று நான்கு நிறங்களிலேயே ஒரு முகத்தை முடித்துவிடுவார். தொடங்குமுன் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்வார். "கை என்னுது, வேலை உன்னுது" என்பது அவருடைய பிரார்த்தனை. அதற்குமேல் கடவுளைத் தொந்தரவு செய்வதில்லை.

சலூன்காரருக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, நெடுநேரம் நிற்க முடியாமல் போனபோது, கடையை மகள் ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. மகள் அச்சுக்காரரைத் தேடி வந்தாள்.

"சித்தப்பா, முதல் தேதியிலேருந்து கடையில நான் நிக்கப் போறேன். வர்றவங்க கண்ணாடியில அப்பா மூஞ்சியைப் பார்த்துப் பழகினவங்க. திடீர்னு என் மூஞ்சியைப் பார்த்தா எழுந்து ஓடிடுவாங்க. அப்பாவை ஒரு படமா மாட்டி வைக்கணும்."

அந்தப் பெஞ்சுக்காக அச்சுக்காரர் ஒரு நாளும் வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. சொல்ல நினைப்பார், நாக்கு வரைக்கும் வந்து உப்புக் கல்லாகக் கரைந்துவிடும். வாயால் சொல்ல முடியாததை இந்தப் படத்தால் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

சலூன்காரர் விடுமுறை நாளில் அச்சுக்காரரின் வீட்டுக்கு வந்து எதிரே உட்கார்ந்தார். வெறும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். "ஒரு கத்திரி குடு அச்சு. இல்லேன்னா எனக்கு உட்காரத் தெரியாது" என்றார். கத்திரியைப் பிடித்ததும் முகம் தெளிந்தது. அதைக் காற்றில் சொடுக்கிக்கொண்டே ஊர்க் கதை பேசினார். அச்சுக்காரர் மெல்லிய காகிதத்தில் கரித்துண்டால் வரைந்துகொண்டார்.

மற்றவர்களையெல்லாம் அவர் நேரே துணியிலேயே வரைந்துவிடுவார். இது தவறக் கூடாத படம். அதனால் தன் கை நெடுங்காலம் நம்பிய வழியிலேயே போனார்: கரிப்படத்தைத் துணியின் மேல் குப்புற வைத்து, கரண்டியின் முதுகால் அங்குலம் அங்குலமாகத் தேய்த்தார். காகிதத்தை உரித்ததும் படம் துணியில் இறங்கியிருந்தது. அதன்பின் ஆள் எதிரே வேண்டியிருக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த முகம்தானே! அங்கிருந்து பார்த்தால் சலூன்காரரின் முதுகும், கண்ணாடிக்குள் அவர் முகமும் தெரியும். கண்ணை மூடினால் அந்த முகம் வந்து நின்றது. பார்த்துப் பார்த்துத் துடைத்தார், பூசினார்.

முதல் தேதிக்கு முந்தின மாலை சலூன்காரரின் மனைவியும் மகளும் படம் பார்க்க வந்தார்கள். அச்சுக்காரர் திரையை விலக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இருவரும் ஓரடி பின்னால் போய்ப் பார்த்தார்கள், மறுபடி கிட்டே வந்து பார்த்தார்கள்.

"வேலை ரொம்ப நல்லா இருக்கு தம்பி" என்றார் மனைவி, கடைசியில். "யாரு இவரு?"

"அண்ணி, விளையாடாதீங்க."

"விளையாடலை தம்பி. மூக்கு அவரு மூக்கு. மீசை அவரு மீசை. ஆனா இந்த ஆளோட நான் குடும்பம் நடத்தினதில்ல."

மகள் படத்தருகே குனிந்தாள். "சித்தப்பா... கத்திரி இடது கையில இருக்கு."

"என்னது?"

"சட்டைப் பையும் இடம் மாறி இருக்கு. புருவத்துத் தழும்பும் அந்தப் பக்கம் போயிடுச்சு."

அச்சுக்காரரின் பார்வை மேசைமேல் கிடந்த கரண்டியில் போய் விழுந்தது. மரத்தில் படத்தைக் குப்புற வைத்துத் தேய்த்தால் அது இடம் வலமாகத் திரும்பித்தான் இறங்கும். செதுக்கி அச்சில் எடுக்கும்போது இன்னொரு முறை திரும்பி நேராகிவிடும். துணியில் ஏது அந்த இரண்டாவது திருப்பம்? கரண்டியைக் காட்டி நடந்ததைச் சொல்லிவிட்டு, சக்கரத்தை விட்டாலும் சக்கரம் தன்னை விடவில்லையே என்று நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். யார் படத்திலும் நேராத தவறு, யார் படத்தில் நேரக் கூடாதோ அவர் படத்தில் நேர்ந்துவிட்டது.

"போகட்டும் விடுங்க தம்பி" என்று அண்ணி அவரே உள்ளே போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "வேற ஒண்ணு மெதுவா வரைஞ்சுக்கலாம். கை தவறாத மனுஷன் யாரு?"

அந்த அன்புதான் அவரை அதிகம் சுட்டது.

காலையில் அவர் கடைப்பக்கம் போகவில்லை. கதவைத் தட்டியது சலூன்காரரே. வலிக்கிற காலோடு நடந்து வந்திருந்தார்.

"எங்க அந்த இடது கைக்காரன்?"

"அண்ணே, வேண்டாம். நாலு பேரு முன்னாடி அவமானம்."

"அவமானப்பட வேண்டியது நான். கத்திரியை எந்தக் கையில பிடிக்கிறதுன்னு தெரியாமலே இத்தனை வருஷம் கடை நடத்தியிருக்கேன்!" படத்தின் முன்னால் வந்ததும் சலூன்காரரின் சிரிப்பு நின்றது. நெடுநேரம் பார்த்தார். "தப்போ சரியோ, என்னை இவ்வளவு கவனமா யாரும் பார்த்ததில்ல அச்சு. கிளம்பு."

மகள் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து வைத்திருந்தாள். படத்தை மாட்டினார்கள். அச்சுக்காரர் தலை நிமிரவில்லை. முதல் ஆளாக வந்த பஸ் டிரைவர் நாற்காலியில் சாய்ந்தார்; மகள் அவருக்குத் துணி போர்த்தினாள்.

"அட! அண்ணன் அப்படியே இருக்காரே!" என்றார் டிரைவர்.

வாசலில் நின்ற அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "நல்லாப் பாருங்க. கத்திரி எந்தக் கையில இருக்கு?"

"எப்பவும் பிடிக்கிற கையிலதான்."

பெஞ்சில் இருந்த தபால்காரரும் எட்டிப் பார்த்தார். "தழும்பு உட்பட அச்சு அசல் அவருதான்."

"எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டு வந்திருக்கீங்களா?" என்றார் அண்ணி.

சலூன்காரர் கண்ணாடியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். உதட்டோரம் மீசை துடித்தது. டிரைவர் முடி வெட்டிக்கொண்டு எழுந்ததும், "நீ வா. இதுல உட்காரு" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"எதுக்கு? எனக்கு மொட்டை அடிக்கவா?"

"உட்காரேன்."

அண்ணி நாள் தவறாமல் கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த கடை. ஆனால் அந்த நாற்காலியில் அவர் ஒரு முறைகூட உட்கார்ந்ததில்லை. கூச்சத்தோடு உட்கார்ந்தார். சலூன்காரர் துணியை உதறிப் போர்த்தினார். பின்னால் போய் நின்று, கத்திரியை வலது கையில் எடுத்தார்.

"இப்போ கண்ணாடியைப் பாரு. அப்புறம் படத்தைப் பாரு."

பார்த்தார். கண்ணாடிக்குள் நின்றவரின் கத்திரியும், சுவரில் இருந்தவரின் கத்திரியும் ஒரே பக்கம். தழும்பும் ஒரே பக்கம். அந்த நாற்காலியில் இத்தனை காலம் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் கண்டது இந்த முகத்தைத்தான்; பெஞ்சில் கிடந்த ஒரு மனிதர் மனப்பாடம் செய்ததும் இதைத்தான்.

"அடப் பாவி மனுஷா" என்றார் அண்ணி மெல்ல. "ஊருக்கெல்லாம் இந்த முகமா? எனக்கு மட்டும் வேறயா?"

"உனக்குக் காட்டினதுதான் நேர் முகம்" என்றார் சலூன்காரர்.

மகள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அண்ணி துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து அச்சுக்காரரைக் கூப்பிட்டார். "தம்பி, இது இங்கயே இருக்கட்டும். இது கடைக்கு வர்றவங்களோட ஆளு. வீட்டுக்கு, எனக்குத் தெரிஞ்ச ஆளை வரைஞ்சு குடுங்க. அந்தக் கரண்டியை மட்டும் நான் எடுத்துட்டுப் போறேன்."

கடை குலுங்கியது. அச்சுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வேலை உன்னுது என்று தினமும் சொல்லிவிட்டு, அதைத் தன்னுடையது என்று நினைத்தல்லவா நேற்று இரவு முழுக்க நொந்துகொண்டோம் என்று தோன்றியது. நம் தவறையும் எடுத்து ஓர் ஆணியில் சரியாக மாட்டிவைக்க அருகில் யாராவது இருப்பதுதான் கடவுள் காட்டும் தயவு.

"அண்ணே" என்றார். இந்த முறை சொல் கரையவில்லை. "அன்னிக்கு உட்காரச் சொன்னீங்களே, அதுக்கு நன்றிண்ணே."

"எதுக்கு? பெஞ்சுக்கா? அது சும்மாதானே கிடந்துச்சு" என்றார் சலூன்காரர். அண்ணியின் மேலிருந்து எடுத்த துணியை மகளின் கையில் கொடுத்தார்.

நாற்காலி காலியாக இருந்தது. அச்சுக்காரர் போய் அதில் உட்கார்ந்தார்.

"முடியா, தாடியா சித்தப்பா?"

"ரெண்டும்மா."

கத்திரி சொடுக்கத் தொடங்கியது. அவர் கண்ணாடியைப் பார்த்தார். அதற்குள், மகளின் தோளுக்குப் பின்னால் தெரிந்த பெஞ்சில், காலை நீட்டிக்கொண்டு சலூன்காரர் சும்மா உட்கார்ந்திருந்தார்.