வளைவுக்குள் நுழையாத ஆஸ்பத்திரி

1.
இது கதையாகப் பிறக்கவில்லை. திறப்பு விழாச் சிறப்பு மலருக்குக் கேட்ட கட்டுரை. “நம்மட ஊர்ல கெம்பஸ் போன முதல் புள்ள நீங்கதான் மகள். ரெண்டு பக்கம் அழகா எழுதித் தாங்க,” என்றார் பள்ளிவாசல் தலைவர் ஹயாத்து முகம்மது ஹாஜியார். தொடங்கினேன்:

‘களப்பு அந்தியில் சிவக்க, பசுமை ஆஸ்பத்திரி எம் ஊரை நோக்கி—’

வேண்டாம். அது வந்தபோது பகல் பதினொரு மணி.

2.
மர்ளியா எங்கள் மருத்துவிச்சி. யுத்தம் முடிந்து பத்து வருடம் அவள் கடிதம் எழுதி எழுதிக் கேட்ட பிரசவ விடுதி, ஆறு லொறிகளில் வந்தது. சுவர், ஜன்னல், குழாய், கூரையில் சூரியத் தகடு எல்லாம் கொழும்புப் பக்கத்துத் தொழிற்சாலையிலேயே பொருத்தி, முழு அறைகளாக அனுப்பியிருந்தார்கள். இறக்கி இணைத்தால் மூன்றே நாள். மணல் அள்ள வேண்டாம், மரம் தறிக்க வேண்டாம்.

ஊர் சும்மா இருக்குமா? ஆஸ்பத்திரியை வரவேற்க ஊர் வாசலில் கொங்கிறீற்று வளைவு கட்டியது. உச்சியில் மந்திரி பெயர், கீழே பள்ளிவாசல் நிர்வாகசபையின் பதினொரு பெயர்கள்.* அறை ஏற்றிய லொறி வளைவைவிட ஒன்பது அங்குலம் உயரம். இரு பக்கமும் உப்பளம். வேறு பாதை இல்லை.

* பதினொன்றும் ஆண்கள். பிள்ளை பெறுவது யார் என்று கேட்காதீர்கள்.

3.
“டயர் காத்த எறக்கியும் பாத்தாச்சு. ரெண்டு அங்குலந்தான் கெடச்சிச்சு,” என்றார் டிரைவர்.

“வளைவ ஒடைங்க ஹாஜியார்,” என்றாள் மர்ளியா.

“என்ன மிஸ்ஸி கதைக்கிறீங்க? மந்திரிட பேர் ஈக்கிது. அறையக் கொஞ்சம் சீவேலாதா?”

“சீவ அது என்ன இளநியா?”

“விழா முடியட்டுமே.”

“எதத் தொறக்க விழா? வளைவையா?”

வேடிக்கை பார்க்க வந்திருந்த நபீலா, நிறைமாசம், மர்ளியாவின் கையைப் பிடித்தாள். “மிஸ்ஸி, வலிக்கிது.”

அவளுடைய முதல் பிள்ளை புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பாலாவிச் சந்திக்கு முன்பே, முச்சக்கர வண்டிக்குள் பிறந்து மூச்சடங்கி மௌத்தானது. [இங்கே ஒரு பத்தி அழுதிருந்தேன். வெட்டிவிட்டேன். வாசித்தால் ஹாஜியாரும் அழுவார். வளைவு அப்படியே நிற்கும்.]

ஊரைவிட்டு வெளியேறும் ஒரே பாதையை இப்போது ஆஸ்பத்திரியே அடைத்துக்கொண்டு நின்றது. லொறி வரிசைக்கு அந்தப் பக்கம் வண்டி பிடித்துக் கொடுத்தவர் ஹாஜியார்தான். இதுதான் எனக்குத் தொல்லை: வில்லன் ஒழுங்காக அமையவில்லை.

மர்ளியா நபீலாவை லொறிகளின் ஓரமாக நடத்திப் போனாள். வரைபடம் அவளுக்கு மனப்பாடம். இது பிரசவ அறை. இது பிள்ளைக்குச் சூடு கொடுக்கும் அறை. இது தாய்மார் படுக்கை. ஆறாவது லொறியில் நபீலா மூச்சு வாங்கினாள்.

“ஆஸ்பத்திரிய முழுக்கச் சுத்திப் பாத்தாச்சு மிஸ்ஸி. இனி வூட்ட போவமா?”

4.
முடிவு ஒன்று: லொறி மேலேயே சுகப் பிரசவம், பிள்ளைக்கு மந்திரி பெயர். மலருக்குப் பொருத்தம். ஆனால் அறையில் குழாய்தான் இருக்கிறது, தண்ணீர் இல்லை.

முடிவு இரண்டு: பாலாவிக்கு முன்பே, மறுபடியும்—

எழுத மாட்டேன்.

வண்டி புறப்பட்டுவிட்டது. மர்ளியா உள்ளே முழந்தாளிட்டிருக்கிறாள். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். ஒரே நிபந்தனை: வளைவை நிற்க விட்டுவிட்டு, பிள்ளையை மட்டும் பிழைக்க வைத்து என்னிடம் கொண்டு வராதீர்கள்.